குடுமியான்மலைப் புள்ளிகள்

மார்கழியிலோ தையிலோ புதுக்கோட்டைச் சீமைக்கு வருகிற விருந்தினர்க்கு எதைக் காட்டலாம் என்று என்னிடம் கேட்பவர்கள், சித்தன்னவாசல் என்றோ திருமயம் கோட்டை என்றோ விடை வருமென்று எதிர்பார்க்கிறார்கள். நான் முதலில் சொல்லுவதோ, குடுமியான்மலைப் பாறையில் சில ஸ்வர எழுத்துகளின் தலைமேல் பொறித்திருக்கும் சின்னஞ்சிறு புள்ளிகளைத்தான்.

சிகாநாத ஸ்வாமி கோயிலை ஒட்டிய குன்றில், மேலைக்கோயில் என்னும் குடைவரைக்குப் பக்கத்திலுள்ள பாறை முகத்தில், 38 வரிகளாக அந்தச் சாஸனம் விரிந்து கிடக்கிறது. எழுத்து ஏழாம் அல்லது எட்டாம் நூற்றாண்டுக் கிரந்தம். ஏழு பகுதிகள், பகுதிக்கு ஒரு கிராம ராகம் என்னும் பழங்காலத்து ராகம். ஸ்வரங்கள் நான்கு நான்காக வகுக்கப்பட்டு, பூத்தொடுப்பவள் கண்ணி வைப்பதைப்போல இடைவெளி பிசகாமல் வரிசையாகச் செல்கின்றன. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் நான்கு உயிர்கள் உண்டு: ச என்றும், சி என்றும், சு என்றும், செ என்றும் ஷட்ஜமே நான்கு முகம் காட்டுகிறது. ர, ரி, ரு என்று ரிஷப பேதங்களைப் பிற்காலத்து மேளகர்த்தா முறையில் பாடம் பண்ணியவர்கள் இதைக் கண்டதும் பழகிய முகத்தைப் பார்த்துவிட்டதாக மகிழ்வார்கள்; ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. சில எழுத்துகளின்மேல் மட்டும் புள்ளி. பி. ஆர். பண்டார்க்கர் இச்சாஸனத்தை எபிகிராபியா இண்டிகாவின் 12ஆம் தொகுதியில் பதிப்பித்த நாள் தொட்டு இன்று வரை, அப்புள்ளிகளின் கருத்து இன்னதென்று அறிஞர்கள் ஒருமனப்படவில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழிக் காலையில், எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பிடில் சொல்லிக்கொடுத்துக் காலங்கழித்த ஒரு பெரியவரை அங்கே அழைத்துச் சென்றிருந்தேன். கிரந்தம் அவருக்கு நன்றாக வாசிக்க வரும். முதல் வரியின் மங்கல வாசகமான சிவ நமஸ்காரத்தைக் கண்டதும் மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். பிறகு நான்கு நான்கு எழுத்தாக, தொடையில் மெல்லத் தட்டியவாறே, குரலை உயர்த்தாமல் சொல்லிக்கொண்டு வந்தார். புள்ளி வைத்த எழுத்து வரும்போதெல்லாம் நிறுத்தி, ஒரு தடவை அழுத்தியும், ஒரு தடவை நீட்டியும், ஒரு தடவை அசைத்தும் சொல்லிப் பார்த்தார். எதுவும் அவருக்குத் திருப்தியாக இல்லை. கோயிலில் உச்சிக்கால மணி அடித்தும் அவர் இரண்டாம் பகுதியைத் தாண்டவில்லை. "எழுதினவர் எதிரே உட்கார்ந்து பாடிக் காட்டியிருப்பார், தம்பி, கேட்டவனுக்குப் புள்ளியே போதும்" என்றார். அதைவிடச் சிறந்த வியாக்கியானத்தை நான் எந்தப் புஸ்தகத்திலும் வாசித்ததில்லை.

அவர் சொன்னதற்குச் சாஸனத்தின் முடிவிலேயே சான்று இருக்கிறது. ருத்ராசாரியரின் சிஷ்யனும் பரம மாஹேச்வரனுமாகிய அரசன் ஒருவன், சிஷ்யர்களின் ஹிதத்துக்காக இந்த ஸ்வர ஆகமங்களைச் செய்தான் என்பது அதன் கருத்து. அவன் மகேந்திரவர்ம பல்லவனே என்று வெகுநாள் நம்பினார்கள். பின்வந்த ஆராய்ச்சியாளர் பலர் அதை ஏற்கவில்லை. எனக்கு அந்த வாதத்தில் அவ்வளவு சிரத்தை இல்லை. யுத்தத்தில் வென்ற ஊர்களையும் கோயிலுக்கு விட்ட நிலங்களையும் கல்லில் வெட்டிவைத்த ராஜாக்கள் நம் நாட்டில் அநேகர். தன் பெயரை விட்டுவிட்டுக் குருவின் பெயரைச் சொல்லி, மாணாக்கனுக்குப் பாடம் எழுதி வைத்த ராஜாவை நான் இங்கேதான் காண்கிறேன்.

இந்தச் சீமையின் மண்ணில் லயமும் ஊறியிருக்கிறது. கோயில் வாசலிலும் பஜனை மடத்திலும் ஒலித்துக்கொண்டிருந்த கஞ்சிராவைக் கச்சேரி மேடையில் ஏற்றிவைத்த மான்பூண்டியா பிள்ளை புதுக்கோட்டைக்காரர். அவருடைய சிஷ்யர் தட்சிணாமூர்த்திப் பிள்ளை மிருதங்கத்திலும் கஞ்சிராவிலும் ஒருங்கே கொடிகட்டியவர். வாசிக்குமுன் கஞ்சிராவின் உடும்புத்தோலின் உட்புறத்தில் நீரைத் தெளித்துச் சுருதியை இறக்கி, விரலால் தட்டிக் காதருகே வைத்துப் பார்த்துக்கொள்ளும் அந்த ஒரு நிமிஷம் எனக்குக் கச்சேரியில் ஒரு பகுதியாகவே தோன்றும்.

விருந்தினர்க்கு வேறு காட்சிகளும் உண்டு. சித்தன்னவாசல் குன்றில் ஏழடிப்பட்டம் என்னும் குகையில் சமணத் துறவியரின் கற்படுக்கைகள் 17. சித்திரையில் காலைச் சுடும் அந்தக் குன்று மார்கழியில் குளிர்ந்திருக்கும். வடகிழக்குப் பருவமழை பொய்க்காத ஆண்டில் வழிநெடுகக் கண்மாய்கள் தளும்பி, கதிர் சாய்ந்த வயல்களில் கொக்குகள் இறங்கியிருக்கும். வருஷம் பிறந்ததும் தமிழ்நாட்டின் முதல் ஜல்லிக்கட்டு கந்தர்வகோட்டைப் பக்கத்துத் தச்சங்குறிச்சியில் நடப்பது வழக்கம். வாடிவாசல்கள் இந்த ஜில்லாவில்போல் வேறெங்கும் இல்லை. ஜில்லாவே 1974ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் தேதி, பொங்கலை ஒட்டிப் பிறந்ததுதான்.

ஆனால் சங்கீதத்துக்காகச் சென்னைக்குப் போகிறவர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. டிசம்பர் முழுவதும் சபாக்களில் கழியட்டும். ஒரே ஒரு நாளை மட்டும் இதற்கென்று ஒதுக்குங்கள். புதுக்கோட்டையிலிருந்து குடுமியான்மலை ஏறத்தாழ 20 கிலோமீட்டர்தான். பாடத் தெரிந்த குழந்தை வீட்டில் இருந்தால் கட்டாயம் உடன் அழைத்து வாருங்கள். அந்த ராஜா எழுதியது அதற்காகத்தான். எழுத்துத் தெளியவேண்டுமென்று சுண்ணக்கட்டியால் தேய்க்காதீர்கள், விரலாலும் தடவாதீர்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகள் நின்ற அந்தப் புள்ளிகளில் ஒன்று அழிந்தாலும், அதைத் திருப்பி வைக்க எவராலும் இயலாது.