சுட்டுவிரல்

என் அப்பா விரலைப் பார்த்து வேலை செய்தவர். ஸ்ரீரங்கத்தில் ஒரு மிராசுதார் வீட்டுக்கு வாழைத்தார் சுமந்து போவார். கொல்லைப்புற வழிதான். வீட்டுக்காரர் வாய் திறக்க மாட்டார். சுட்டுவிரலை நீட்டுவார். அங்கே இறக்கு, தள்ளி நில்லு, போ, எல்லாத்துக்கும் விரல்தான். தொடவும் வேண்டாம், பேசவும் வேண்டாம் பாருங்க.

1997-ல் நான் ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி, திருச்சியில் கம்ப்யூட்டர் படிக்கப் போனேன். மவுஸை நகர்த்தினால் திரையில் ஒரு வெள்ளை அம்பு நகர்ந்தது. அது காட்டிய இடத்தில் வேலை நடந்தது. எனக்கு அந்த மிராசுதார் விரல்தான் ஞாபகம் வந்தது.

படிப்பு முடியும்போது ஒரு புரோகிராம் எழுதித் தரணும். அம்புக்குப் பதிலா, எங்க சேரி முனையில் நிற்கிற அம்பேத்கர் சிலையின் விரலைப் போடலாம்னு நினைச்சேன். விண்டோஸ் 95-ல் கை வடிவக் கர்சர் தயாராகக் கிடையாது, 98-லதான் வந்தது. நாமே வரையணும். 32க்கு 32 கட்டம், மொத்தம் 1024 புள்ளி. கறுப்பு விரல் வரைந்தேன். கறுப்புத் திரையில் மறைஞ்சிடக் கூடாதுன்னு சுற்றிலும் வெள்ளைக் கோடு.

ஓடவிட்டால், விரல் ஒரு சதுரப் பெட்டிக்குள் வந்தது. போகிற இடமெல்லாம் பெட்டியும் கூடவே போச்சு. சிலையைச் சுற்றிக் கம்பிக்கூண்டு போட்டிருக்காங்களே, அதே மாதிரி.

கர்சருக்கு ஒரு படம் போதாது. ரெண்டு வேணும். ஆண்ட் மாஸ்க், திரையில் எதை அழிக்கணும்னு சொல்லும். எக்ஸார் மாஸ்க், அந்த இடத்தில் எதைப் போடணும்னு சொல்லும். ரெண்டிலும் 0 என்றால் கறுப்பு. ஆண்டில் 0, எக்ஸாரில் 1 என்றால் வெள்ளை. விரலுக்கு வெளியே ஆண்டில் 1, எக்ஸாரில் 0 வைக்கணும். பின்னால் உள்ள திரை அப்படியே தெரியும். நான் வெளியேயும் ஆண்டில் 0 வைத்திருந்தேன். கூண்டை நானே கட்டியிருக்கேன். மாற்றியதும் விரல் மட்டும் நின்றது.

அப்பவும் பொத்தான் மேல் விரலை வைத்து அழுத்தினால் ஒண்ணும் நடக்கலை. 1024 புள்ளியில் ஒரே ஒரு புள்ளிக்குத்தான் அதிகாரம். ஹாட்ஸ்பாட் என்பார்கள். அதை 0, 0 என்றே விட்டிருந்தேன். விரல் நடுவில் இருக்கு, அதிகாரம் இடது மேல் மூலையில், வெறும் இடத்தில் இருக்கு. கட்டங்களை எண்ணி விரல் நுனிக்கு மாற்றினேன். அப்புறம்தான் விரல் சொன்னபடி கேட்டது. சிலை வைக்கிறோம், விரலை நீட்டி வைக்கிறோம். அதிகாரம் எந்தப் புள்ளியில் இருக்குன்னு எண்ணிப் பார்க்கிறோமா தோழர்களே?

சோதிக்க வந்தவர், "யார் கை இது?" என்றார். சொன்னேன். "அம்பே போதும், இதை எடுத்துடு" என்றார். எடுக்கலை. மார்க் குறைஞ்சது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவை அழைத்துப்போய் அந்தத் திரை முன்னால் உட்கார வைத்தேன். மவுஸ் பக்கத்திலேயே கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தார்.

"தொட்டா யாரும் வையமாட்டாங்களாடா?" என்றார்.

"தொடுங்கப்பா" என்றேன்.

விரல் நகர்ந்தது.