மூச்சு வாங்கும் வழிகள்

ஓட்டம் என்றவுடன் நம்மவருக்கு நினைவுக்கு வருவது ரயிலைப் பிடிக்கும் ஓட்டந்தான். தாம்பரவாசிகளுக்கு இதில் விசேஷத் தேர்ச்சி உண்டு. 1931ஆம் வருஷத்தில் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையில் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. அன்று முதல் ஒரு கையில் சாப்பாட்டுப் பையும் மற்றொரு கையில் குடையுமாகப் படிகளில் தாவி ஏறும் வித்தை இங்கே தலைமுறை தலைமுறையாக வளர்ந்து வந்திருக்கிறது. ஆனால் இங்கு நாம் சொல்லப் புகுந்தது வேறோர் ஓட்டம். எந்த வண்டியையும் பிடிப்பதற்கல்லாமல், தேகம் தேறுவதற்கும் மனம் தெளிவதற்கும், சூரியோதயத்தை ஒட்டி நிதானமாக ஓடும் ஓட்டம். தாம்பரத்திலும் அதற்குக் கிழக்கே கடல் வரையிலும் அத்தகைய ஓட்டத்துக்கு ஏற்ற வழிகள் எவையெவை என்று பார்ப்போம்.

காற்றுக்குப் பேர்போன ஊர்

தாம்பரத்துக்கும் மூச்சுக்கும் உள்ள சம்பந்தம் பழையது. க்ஷயரோகத்துக்குச் சரியான மருந்து கண்டுபிடிக்கப்படாத காலத்தில் சுத்தமான காற்றும், வெயிலும், ஓய்வும், நல்ல ஆகாரமுமே அதற்குச் சிகிச்சையாயிருந்தன. அச்சிகிச்சையில் பெயர் பெற்ற டாக்டர் சௌரி முத்து 1928இல் தமது ஆரோக்கிய நிலையத்துக்கு இடம் தேடியபோது, பச்சைமலை அடிவாரத்தில் இவ்வூரையே தேர்ந்தெடுத்தார். பிற்பாடு சர்க்கார் அதனை ஏற்றுக்கொண்டது. நிலையத்தின் பெயர் ரயில்வே ஸ்டேஷனுக்கும் வந்து, ‘தாம்பரம் சானடோரியம்’ என்று நின்றுவிட்டது.

காற்றுக்காக நாடி வந்த ஊரில் இன்று காற்றின் நிலை என்ன? பெருஞ்சாலையில் காலை எட்டு மணிக்கு ஒரு நாழிகை நின்றால் போதும்; கைக்குட்டையே பதில் சொல்லிவிடும். சும்மா உட்கார்ந்திருப்பவன் நிமிஷத்துக்கு ஆறேழு லிட்டர் காற்றைத்தான் உள்ளிழுக்கிறான். ஓடுபவனுக்கோ ஐம்பது அறுபது லிட்டர் வேண்டியிருக்கிறது. ஆகையால் கெட்ட காற்றில் ஓடுவது, விஷத்தைக் குவளையில் குடிப்பதற்குப் பதிலாகக் குடத்தில் குடிப்பது போலாகும். ஓடுவதற்கு முன் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனாலேதான்.

கல்லூரிக் காடு

முதலில் சொல்ல வேண்டியது சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் வனம். ஜார்ஜ் டவுனில் நெருக்கடியில் இருந்த கல்லூரி 1937இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. சேலையூர்க் காட்டில் அதற்குக் கிடைத்த நிலம் ஏறக்குறைய 365 ஏக்கர். ரசாயனப் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவியாரும் அதில் மரஞ்செடிகளைப் பேணி வளர்த்தனர். புதர்க்காடு, மழைக்குப்பின் நிறையும் குட்டை, சாலையின் குறுக்கே சட்டென்று வந்து நின்று நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போகும் புள்ளிமான் எல்லாம் மின்சார ரயிலுக்கு எதிர்வாடையிலேயே இருக்கின்றன என்றால் வெளியூரார் நம்பமாட்டார்கள். கல்லூரி நிலமாகையால் உரிய அனுமதி பெற்றே உள்ளே செல்ல வேண்டும். வாயில் காப்போரிடம் வாதாடுவது ஓட்டத்தில் சேர்த்தியில்லை.

ஏரிக்கரையும் கோயிலும்

அனுமதி கேட்காத வழிகளும் உண்டு. சேலையூரிலிருந்து ராஜகீழ்ப்பாக்கம் வழியாக மாடம்பாக்கம் போய்த் திரும்புவது நல்லதோர் ஓட்டம். முடிவில் தேனுபுரீசுவரர் கோயில் இருக்கிறது. யானை படுத்திருப்பதுபோல் பின்புறம் வளைந்த சோழர் காலத்து விமானம். தூங்கானை மாடம் என்று புத்தகத்தில் படித்த பிள்ளைகளுக்கு அதை நேரில் காட்டலாம். அருகிலேயே ஏரி. கோயிலைக் கட்டியவர்களும் ஏரியை வெட்டியவர்களும் இரண்டையும் ஒரே தர்மமாகக் கருதினார்கள்.

நாம் அப்படிக் கருதவில்லை. அதன் பலனையும் அனுபவித்தோம். 2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கி ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. அடையாறு கரை மீறி, முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் புகுந்தது. நீர் போகும் வழியில் வீடு கட்டினால், வீட்டின் வழியாக நீர் போகும் என்னும் பாடத்தை அன்று கற்றோம். நாலே வருஷத்தில், 2019 கோடையில், குடிக்கத் தண்ணீர் இல்லாமல் சென்னை தவித்தது. அந்த வறட்சியில் சிட்லபாக்கத்து மக்கள் சர்க்காரை எதிர்பார்த்துக் கைகட்டி நிற்கவில்லை. வறண்ட ஏரியில் தாங்களே இறங்கிக் குப்பையை வாரினார்கள். ஏரிக்கரைகளில் ஓடும்போது இந்த இரண்டு வருஷங்களையும் மறக்கலாகாது. நாம் ஓடும் கரை வெறும் பாதையன்று. ஊரின் உயிரைக் காக்கும் அணை.

ஏறி இறங்க இரண்டு குன்றுகள்

சமதரையில் ஓடிக் கால் பழகியவர்களுக்குத் திருநீர்மலையைச் சிபாரிசு செய்கிறோம். அடிவாரத்தில் நீர்வண்ணர், மலைமேல் ரங்கநாதர். மலையைச் சுற்றி நீர் சூழ்ந்திருந்ததால் திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்து சேவித்தார் என்பது ஸ்தல ஐதிகம். நமக்கு அவ்வளவு பொறுமை தேவையில்லை. படிகளை ஒரு தடவை நிதானமாக ஏறி இறங்கினால் போதும். முழங்கால் நோவுள்ளவர்கள் பெருமாளை அடிவாரத்திலேயே சேவித்துத் திரும்புவது உசிதம்.

பல்லாவரத்துக் குன்றுப் பக்கம் போகிறவர்கள் தரையைக் கொஞ்சம் மரியாதையோடு மிதிக்க வேண்டும். 1863இல் ராபர்ட் புரூஸ் புட் என்னும் பூகர்ப்ப சாஸ்திரி இங்கேதான் சரளைக் கற்களுக்கிடையே ஆதிமனிதனின் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். பாரத தேசத்தின் சரித்திரத்துக்கு முற்பட்ட கால ஆராய்ச்சி அந்த ஒரு கல்லிலிருந்து பிறந்தது. வேட்டைக்காக இம்மேட்டில் ஓடியவர்களுக்கு நாம் எத்தனையாவது தலைமுறையோ!

சதுப்பைக் கடந்து

தாம்பரத்திலிருந்து கிழக்கே கடலை நோக்கிப் போனால் மேடவாக்கத்துக்கு முன் நன்மங்கலம் காடு. அதற்கப்பால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். ஒரு காலத்தில் பல சதுர மைல் பரந்திருந்த இச்சதுப்பு, வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் குப்பைமேட்டுக்கும் இடங்கொடுத்து இன்று ஒரு சிறு பங்காகச் சுருங்கிவிட்டது. மிஞ்சியதற்கு 2022இல் ராம்சர் என்னும் சர்வதேச அங்கீகாரம் கிடைத்தது. சாலையோரமாக நின்று பார்த்தால் நாமக்கோழியும், நீலத்தாழைக் கோழியும், பருவத்தில் பூநாரையும் தென்படும். வண்டிகளின் நெரிசலால் இச்சாலையை ஓட்டத்துக்கு உரியது என்று சொல்ல மாட்டோம். ஓடாமல் நின்று பார்க்க வேண்டிய இடம் இது.

கடலோரம்

கடைசியாகக் கடல். பெசன்ட் நகரில் தொடங்கி, அஷ்டலக்ஷ்மி கோயிலைத் தாண்டி, மருந்தீசர் கோயில் கொண்ட திருவான்மியூர், கொட்டிவாக்கம், பாலவாக்கம் வழியாக நீலாங்கரை வரையில் கரையோரமாகச் சுமார் 7 கிலோ மீட்டர். மேடு பள்ளமில்லாத சமதரை. மே மாதக் கடைசியில் ஐந்தே முக்கால் மணிக்குள்ளும், ஜனவரிக் கடைசியில் ஆறரை மணிக்குமேலும் சூரியன் கடலிலிருந்து எழுகிறான்.

உலர்ந்த மணலில் ஓடுவது கெட்டித் தரையில் ஓடுவதைக் காட்டிலும் ஒன்றரை மடங்குக்கு மேல் சிரமம். ஆகையால் அலை நனைத்த இறுகிய மணலில் ஓடுங்கள். கரை ஒருபக்கமாய்ச் சரிந்திருப்பதால், ஒரே திசையில் நெடுந்தூரம் ஓடினால் ஒரு கால் அதிக பாரம் சுமக்கும். போன வழியே திரும்பினால் கணக்கு நேராகிவிடும். ஓடிய களைப்பில் கடலில் இறங்க மட்டும் வேண்டாம். பெசன்ட் நகரில் நிற்கும் வெள்ளை வளைவு, 1930 டிசம்பரில் பிறர் உயிரைக் காக்கப் போய்த் தம் உயிரை நீத்த ஷ்மிட் என்பவரின் ஞாபகார்த்தம். அலங்காரத்துக்காக எழுப்பியதென்று எண்ணி அதன்கீழ் படம் பிடித்துக்கொள்கிறவர்களே அதிகம்.

ஜனவரி முதல் மார்ச் வரையில் இக்கரையில் இன்னொரு யாத்திரையும் நடக்கிறது. பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி, குழி தோண்டி, நூறு முட்டைக்கு மேலும் இட்டுவிட்டுப் போகின்றன. 1988 முதல் மாணவர்கள் தாமாக முன்வந்து, இரவெல்லாம் கரையில் நடந்து, முட்டைகளைப் பத்திரமான இடத்தில் சேர்த்துவருகிறார்கள். சம்பளமில்லை; பதக்கமில்லை. ஒன்றரை மாதத்தில் குஞ்சுகள் பொரித்து, கடலின் மங்கிய ஒளியைத் தேடி ஓடும். வீதி விளக்குகளின் பிரகாசம் அவற்றை வழிமாறச் செய்துவிடுகிறது. அந்த மாதங்களில் இருட்டில் ஓடுகிறவர்கள் கைவிளக்கை அணைத்துவைப்பது பெரிய உபகாரம்.

நீண்ட தூரம் ஓட வல்லவர்கள் முட்டுக்காட்டுக்கும் கோவளத்துக்கும் போகலாம். 2021இல் நீலக்கொடி என்னும் சர்வதேசச் சான்று பெற்ற கடற்கரை கோவளத்துடையது.

யாருடைய பாதை?

இவ்வளவு வழிகளையும் எழுதிவந்தபோது ஒரு கேள்வி நம்மை விடவில்லை. இவற்றில் விடியுமுன் ஒரு பெண் தனியாக ஓடக்கூடியவை எத்தனை? அறுபது வயதுக் கிழவர் தடுக்கி விழாமல் நடக்கக்கூடியவை எத்தனை? விளக்கில்லாத கரை, பெயர்ந்த நடைபாதை, கேலி பேசும் கூட்டம், விரட்டும் நாய்கள். இவற்றைச் சகித்துக்கொள்ளும் வலிய ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் ஊர் சொந்தமாயிருந்தால், அது பாதி ஊர்தான்.

1930இல் மகாத்மா தமது அறுபதாவது பிராயத்தைத் தாண்டிய நிலையில் 240 மைல் நடந்து தண்டிக் கடற்கரையில் ஒரு பிடி உப்பை அள்ளினார். அதே வருஷம் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்குத் தொண்டர் படையை நடத்திச் சென்றார். கடற்கரை ஜனங்களுடையது என்பதை அவர்கள் காலால் நடந்து காட்டினார்கள். சுயராஜ்யம் வந்து எத்தனையோ வருஷங்களாகியும், அந்தக் கரையில் நம் பெண்கள் அச்சமின்றி ஓட முடியவில்லையென்றால், யாத்திரை இன்னும் முடியவில்லை என்றே பொருள்.

பல ஊர்களைச் சேர்த்து 2021இல் தாம்பரத்துக்கு மாநகராட்சி என்னும் பட்டம் வந்திருக்கிறது. பட்டத்துக்கு ஏற்றபடி ஒவ்வோர் ஏரிக்கரையிலும் விளக்கும், சமமான பாதையும், உட்கார ஒரு திண்ணையும் கேட்பது நம் கடமை. கேட்பதற்கு உரிமையை வலுப்படுத்தும் உபாயம் ஒன்றுண்டு: தினமும் போவது. ஆளரவமற்ற ஏரியில் குப்பை கொட்டுவார்கள். நூறு பேர் நடமாடும் ஏரியில் கொட்டத் தயங்குவார்கள். ஆகவே நாளைக் காலை தனியாகப் போக வேண்டாம். வீட்டிலுள்ள அனைவரையும், முக்கியமாகப் பெண் குழந்தைகளையும், அழைத்துக்கொண்டு புறப்படுங்கள். ஓட முடிந்தவர்கள் ஓடலாம், மற்றவர்கள் நடக்கலாம்.