"ஜாக்கெட் இருந்துச்சு டாக்டர்... படகுல"

1/
நைட் டியூட்டி முடிச்சிட்டு எழுதுறேன். கோடை லீவு ஆரம்பிச்சாச்சு. ராமேஸ்வரம், பிரப்பன்வலசை, கோவளம்னு கடல்ல கயாக் ஓட்டப் போறவங்க நிறைய பேர் இருப்பீங்க. தாராளமா போங்க, அருமையான அனுபவம். ஆனா போறதுக்கு முன்னாடி, மேல மாட்டுற ஜாக்கெட்டை எப்படித் தேர்ந்தெடுக்கணும்னு தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. கொஞ்சம் நீளமான இழை. பொறுமையாகப் படிக்கவும்.

2/
கேஷுவாலிட்டியில் ஒரு அப்பா சொன்னது இன்னும் காதுல இருக்கு. "ஜாக்கெட் இருந்துச்சு டாக்டர்... படகுல."

பையனுக்கு இருபது சொச்சம் வயசு. நல்லா நீந்துவான். புழுக்கமா இருக்குன்னு ஜாக்கெட்டைக் கழற்றி கயாக்கின் பின்பக்கம் செருகி வெச்சிருக்கான். கவிழ்ந்ததும் காற்று படகைத் தள்ளிக்கிட்டுப் போயிருச்சு. ஆள் இல்லாத கயாக்கை நீந்திப் பிடிப்பது ரொம்பக் கஷ்டம். ஜாக்கெட்டும் படகோடவே போயிருச்சு. அவனைக் கொண்டு வந்தபோது காலம் கடந்திருந்தது.

3/
அவனைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நானே ஜாக்கெட் விஷயத்துல ஏமாந்தவதான்.

என் எடை 54 கிலோ. வாடகைக்கு எடுத்த இடத்துல கொடுத்தது எக்ஸ்எல். கேட்டா, "ஃப்ரீ சைஸ் மேடம், எல்லாருக்கும் சரியா இருக்கும்." நானும் தலையாட்டிட்டேன்.

கரையில இருந்து கூப்பிடு தூரத்துலதான் கவிழ்ந்தேன். ஜாக்கெட் மேல மிதந்துச்சு, நான் அதுக்குள்ள கீழே இறங்கிட்டேன். காது வரைக்கும் ஏறி முகத்தை மறைச்சிருச்சு. ரெண்டு கையாலயும் அதைக் கீழே இழுத்துப் பிடிச்சதுல, படகைப் பிடிக்கக் கை இல்லை. பின்னாடி வந்த என் வீட்டுக்காரர் தன் கயாக்கைப் பக்கத்துல கொண்டு வந்ததால தப்பிச்சேன்.

4/
முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். நாம எல்லாத்தையும் "லைஃப் ஜாக்கெட்"னுதான் சொல்றோம். உண்மையில் ரெண்டு வகை இருக்கு.

லைஃப் ஜாக்கெட்: பெரும்பாலும் கழுத்தைச் சுற்றி காலர் இருக்கும். மயங்கினவரையும் மல்லாக்கத் திருப்பி, முகத்தைத் தண்ணிக்கு மேல வைக்கிற மாதிரி வடிவமைச்சது.

பாயன்சி எய்ட்: பார்க்க கை இல்லாத கோட் மாதிரி இருக்கும். நினைவோட இருக்கிற, நீந்தத் தெரிஞ்ச ஒருத்தர் மிதக்க உதவி செய்யும். மயங்கிக் குப்புறக் கிடந்தா உங்களைத் திருப்பிப் போடாது.

5/
உள்பக்க லேபிளைப் பாருங்க. 50, 100, 150, 275 என்று ஏதாவது ஒரு எண் இருக்கும். அது மிதக்கும் விசை, நியூட்டன் கணக்கில். 10 நியூட்டன் என்றால் சுமார் 1 கிலோவைத் தூக்கும். பாயன்சி எய்டுக்கான தரம் ஐஎஸ்ஓ 12402-5. அதில் 70 கிலோவுக்கு மேல் உள்ளவருக்குக் குறைந்தது 50 நியூட்டன். சின்ன சைஸ்களில் இது குறையும்.

6/
"5 கிலோ தூக்குற ஜாக்கெட் 80 கிலோ ஆளை எப்படித் தாங்கும்?"

நல்ல கேள்வி. உங்க உடம்பின் பெரும்பகுதி எடையைத் தண்ணீரே தாங்கிடும். தலையை மேலே வைக்க, பெரும்பாலான பெரியவங்களுக்குக் கூடுதலா 3 முதல் 5 கிலோ போதும். கொழுப்பு மிதக்கும், தசை அமுங்கும். அதனால தொப்பை உள்ள மாமாவை விட, ஜிம் பாடி தம்பிக்குத்தான் மிதவை அதிகம் தேவைப்படலாம்!

7/
அப்போ 150 வாங்கிட்டா இன்னும் பாதுகாப்புதானே?

கயாக்குக்கு அப்படி இல்லீங்க. தடிமனான முன்பக்கமும் காலரும் துடுப்பு போட விடாது. கவிழ்ந்தா திரும்பப் படகு மேல ஏறவும் விடாது. தண்ணி பட்டதும் தானா ஊதிக்கிற வகை, பெரிய அலை அடிச்சாலே ஊதிக்கும். அதனாலதான் நீந்தத் தெரிஞ்சு, துணையோட, கரையோரமா போறவங்களுக்கு ஃபோம் வெச்ச 50 வகை பொருத்தம்.

8/
ஒரு மருத்துவரா நான் அழுத்திச் சொல்ல வேண்டியது இதுதான். பாயன்சி எய்ட், நீங்க நினைவோட இருப்பீங்க என்ற நம்பிக்கையில் செஞ்சது.

🔴 வலிப்பு நோய் உள்ளவர்கள்
🔴 இன்சுலின் போட்டு, அடிக்கடி தாழ்சர்க்கரை ஆகிறவர்கள்
🔴 இதயப் பிரச்சினை, திடீர் மயக்கம் உள்ளவர்கள்

இவங்க தங்கள் மருத்துவரைக் கேட்காம கடல்ல கயாக் ஓட்டக் கூடாது. நீந்தத் தெரியாதவங்களுக்கும் குழந்தைகளுக்கும் குறைந்தது 100 வகை. குழந்தைக்கு அதன் எடைக்கு ஏத்த சைஸ், காலர், தொடைக்கு நடுவே போகும் பட்டை மூணும் வேணும். "வளர்ற பிள்ளை, பெருசா இருக்கட்டும்" என்பது பள்ளிச் சட்டைக்குச் சரி, இதுக்கு ஆகாது.

மது அருந்தியவர்களுக்கு? எந்த ஜாக்கெட்டும் கிடையாது. கரையிலேயே உட்காருங்க.

9/
சைஸ் சரியா இருக்கான்னு பார்க்க ஒரு நிமிஷம் போதும்.

✅ பட்டைகளை எல்லாம் தளர்த்திட்டு மாட்டுங்க.
✅ ஜிப், பக்கிள் போட்டு, இடுப்புப் பட்டையை முதல்ல இறுக்குங்க. அப்புறம் பக்கவாட்டுப் பட்டைகள். கடைசியா தோள் பட்டை.
✅ கூட வந்தவரைத் தோள்பட்டை ரெண்டையும் பிடிச்சு மேலே தூக்கச் சொல்லுங்க. மூக்கு, காது வரை வந்தா அது உங்களுக்கானது இல்லை.
✅ மூச்சை நல்லா இழுத்துப் பாருங்க. நெஞ்சு அடைக்கக் கூடாது.

கடைசியா, இடுப்பளவு தண்ணியில காலைத் தூக்கி மிதந்து பாருங்க. வாய் தண்ணிக்கு மேல இருக்கணும். நான் அன்னைக்கு இதை மட்டும் செஞ்சிருந்தா போதும்.

10/
சொந்தமா வாங்கினா, கடையில நின்னுக்கிட்டுப் பார்க்காதீங்க. தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, துடுப்பு போடுற மாதிரி கையைச் சுத்திப் பாருங்க. நீளமான ஜாக்கெட் உட்கார்ந்ததும் தாடையில் இடிக்கும். கயாக்குக்கு நீளம் குறைவாகவும், அக்குள் பக்கம் அகலமாகவும் இருக்கணும்.

பெண்களுக்கென்று தனி வடிவில் வருது, கிடைச்சா அதையே எடுங்க. இடுப்பில் பட்டை நிற்காத தொப்பைக்காரர்களுக்குத் தொடைப் பட்டை உள்ளது நல்லது.

11/
கடல்ல நீலம், கறுப்பு வேண்டவே வேண்டாம். அலைக்கு நடுவுல உங்க தலை மட்டும்தான் தெரியும். ஆரஞ்சு, மஞ்சள்னு கண்ணைப் பறிக்கிற நிறம் எடுங்க. ஜாக்கெட்டோட கட்டின விசில் கட்டாயம். மூழ்குறவங்க சினிமால வர்ற மாதிரி கத்த மாட்டாங்க, கத்த மூச்சு இருக்காது. மூழ்கும் முன்னாடியே ஊதணும்.

துணி வெளுத்து, ஃபோம் நொறுங்கியோ கட்டியாகியோ இருந்தா வேற கேளுங்க. சொந்த ஜாக்கெட் மேல உட்காராதீங்க. நல்ல தண்ணியில அலசி நிழல்ல காய வையுங்க.

12/
"கடல் குளம் மாதிரி இருக்கு, இதுக்குப் போய் ஜாக்கெட்டா?"

ராமேஸ்வரத்துல மன்னார் வளைகுடாவை ஆண்கடல், பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல்னு சொல்வாங்க. கோடையில பெண்கடல் பக்கம் அலையே இருக்காது. காரணம், தென்மேற்குக் காற்று கரையில இருந்து கடலை நோக்கி வீசுது. அதே காற்றுதான் கவிழ்ந்த படகை உள்ளே தள்ளிக்கிட்டுப் போகும். ஒரு மீனவப் பெரியவர் என்கிட்ட சொன்னது: "அலையைப் பாக்காதீங்க டாக்டரம்மா, காத்து எந்தப் பக்கம் போவுதுன்னு பாருங்க."

13/
ஆபத்துன்னா கடலோரக் காவல்படைக்கு 1554, ஆம்புலன்ஸுக்கு 108. தண்ணி குடிச்சு மீண்டவருக்கு இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தா உடனே மருத்துவமனை.

14/
எனக்குச் சரியான சைஸ்ல ஒரு ஆரஞ்சு ஜாக்கெட் வாங்கிட்டேன். புழுங்கத்தான் செய்யுது. புழுக்கம் தாங்கலைன்னா கழற்றாம, தலையில ரெண்டு கை தண்ணி ஊத்திக்கிறேன்.

அடுத்த முறை யாராவது "ஃப்ரீ சைஸ்"னு நீட்டினா, வேற சைஸ் கேளுங்க. இல்லைன்னா அன்னைக்குக் கரையில உட்கார்ந்து ஒரு சுண்டல் வாங்கிச் சாப்பிட்டுட்டு வாங்க. கடல் நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும்.

கடலுக்குப் போற நண்பர்களுக்குப் பகிருங்கள்.