எட்டும் நாற்பத்திரண்டும்

கீழப்பழுவூருக்கு அண்மையிலுள்ள கரைவெட்டி ஏரி, 1999இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் ராம்சர் ஈரநிலமாயிற்று. மேட்டூர் நீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியே வந்து ஏரியை நிறைக்க, பனிக்காலத்தில் வரித்தலை வாத்துகள் இமயத்தைக் கடந்து இங்கு வருகின்றன. கரையில் நிற்போருக்கு அவை வெறும் புள்ளிகளே. எனவே இருகண்நோக்கி ஒன்று வாங்க விரும்பினேன்.

ஓராண்டுச் சேமிப்பு ஒரு கருவிக்கே போதுமாதலால், அதன்மேல் பொறிக்கப்படும் எண்களின் பொருளை முதலில் கற்றேன். 8×42 என்பதில் 8 உருப்பெருக்கம்; 42 முன்வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். உருப்பெருக்கம் மிகுந்தால் பறவை பெரிதாகும், கைநடுக்கமும் உடன் பெரிதாகும், காட்சிப்பரப்போ சுருங்கும். 42ஐ 8ஆல் வகுத்தால் கிடைக்கும் 5.25 மில்லிமீட்டர், கண்ணை வந்தடையும் ஒளிக்கற்றையின் அகலம். அது அகன்றிருப்பின் விடியலின் மங்கிய ஒளியிலும் காட்சி தெளியும். 12 மடங்கு கருவி கடையில் கவர்ந்தது. ஆயினும் என் கையில் அசையாது நின்றது எட்டு மடங்கே. அதையே வாங்கினேன்.

இன்று அவ்வாத்தின் வெண்டலையில் இரு கரும்பட்டைகளையும் காண்கிறேன், இனமறிந்து எண்ணுகிறேன். எண்ணப்படாத பறவை குறைந்து போனால், அதை எவர் அறிவார்?