மூன்று சிறு சொற்கள்

ஆங்கிலத்தில் 'ஏ', 'ஆன்', 'த' என மூன்று சிறு சொற்கள் உள்ளன. இலக்கணகாரர் இவற்றை ஆர்ட்டிக்கிள் என்று வழங்குவர். தனித்து நின்றால் பெரிதாக ஒரு பொருளும் தராத இச்சொற்கள், பேசுபவன் எத்தகைய பள்ளியிற் படித்தான், எத்தகைய வீட்டிற் பிறந்தான் என்பதை மட்டும் தவறாது காட்டிக் கொடுத்துவிடுகின்றன. நூறு சொற்களைப் பிழையறச் சொன்னவன் 'த' ஒன்றைத் தவறவிட்டால், கேட்டிருப்போர் முகத்தில் ஒரு குறுநகை தோன்றும். நேர்முகப் பரீட்சைக்குப் போய் வந்த நம் இளைஞர் பலருக்கு அந்நகை பழக்கமானது. மொழி கற்பித்தலில் இஃது அற்ப விடயம் என்று ஒதுக்கிவிடலாம். ஆயினும், அற்ப விடயங்களைக் கொண்டே மனிதரைத் தரம் பிரிக்கும் சமுதாயத்தில் வாழும் ஆசிரியன் அவ்வாறு ஒதுக்குதல் முறையாகாது.

வடமராட்சியின் வடகரையில், பருத்தித்துறைக்கு மேற்கே, கடலையே முற்றமாகக் கொண்டு கிடக்கிறது வல்வெட்டித்துறை. இவ்வூரில் ஏழு முதல் ஒன்பது வயது வரையுள்ள பிள்ளைகள் சிலருக்கு மாலை வேளைகளில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்து வருகிறோம். பெரும்பாலோர் கடற்றொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். அவர்களுள் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் தாய், மகளின் பள்ளிக் கொப்பியை நம்மிடம் கொண்டுவந்து காட்டினார். "இங்கிலீசு எண்டால் பிள்ளை இப்ப வாயே திறக்குதில்லை, சேர்" என்றார்.

கொப்பியில் நான்கு ஆங்கில வாக்கியங்கள் இருந்தன. அப்பா கடலுக்குப் போனார், அப்பா மீன் கொண்டு வந்தார், அம்மா சந்தையில் மீன் விற்றார், வள்ளம் பெரியது. இவ்வளவுதான் அவள் எழுதியது. நான்கிலும் ஆர்ட்டிக்கிள் இல்லை. கடல், மீன், சந்தை, வள்ளம் ஆகிய நான்கு சொற்களுக்கு முன்னும் சிவப்பு வட்டமிட்டு, நான்கிலும் 'த' எழுதப்பட்டிருந்தது.

இந்த வட்டங்களைச் சற்று ஆராய்தல் வேண்டும். சந்தைக்கும் வள்ளத்துக்கும் முன் 'த' வேண்டும் என்பது உண்மையே. ஆனால் மீனுக்கு அது கட்டாயமில்லை. எந்த மீன் எனக் குறிக்காமல் பொதுப்படச் சொன்னால் ஆர்ட்டிக்கிள் இன்றியே அது வரும். கடலுக்கோ, அவ்விடத்தில் 'த' வராமையே சிறப்பு. கரைக்குப் போய்க் காற்று வாங்குகிறவன் போகும் கடலுக்கு ஆங்கிலேயர் 'த' சேர்ப்பர். தொழிலின் பொருட்டுக் கடலேறுகிறவனைச் சொல்லும்போது அதனை நீக்கிவிடுவர். படிக்கும் பிள்ளை பள்ளிக்குப் போவதையும் அவ்வாறே ஆர்ட்டிக்கிள் இன்றிச் சொல்லுவர். ஆகவே நான்கு வட்டங்களில் இரண்டு, சரியாக எழுதப்பட்டிருந்ததைப் பிழையாக்கிய வட்டங்கள். தன் தகப்பன் கடலுக்குப் போன வகையை அப்பிள்ளை அறிந்திருந்தாள். சிவப்பு மைதான் அறிந்திருக்கவில்லை.

வட்டமிட்டவரை நாம் குறை கூறப் புகவில்லை. அவரும் நம்மைப் போல் மனனஞ் செய்த விதிகளைக் கொண்டே காலந் தள்ளுகிறவராக இருத்தல் கூடும். உயிரெழுத்துக்கு முன் 'ஆன்', மெய்யெழுத்துக்கு முன் 'ஏ', சூரியன் சந்திரன் கடல் ஆகியவற்றுக்கு முன் 'த' என்று ஒப்புவிக்கக் கற்றோம். அதனையே ஒப்புவிக்கக் கற்பிக்கிறோம். பொருளை விட்டு விதியைப் பற்றிக்கொண்ட இம்முறையே கேடு. இதிலும் பெரிய கேடு ஒன்றுண்டு. ஆங்கில வகுப்புக்குள் நுழையும் பிள்ளை தன் தமிழை வாசலிற் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு வரவேண்டும் என்ற எண்ணமே அது.

உண்மையில், இம்மூன்று சொற்களுக்குமான திறவுகோல் பிள்ளையின் தாய்மொழியிலேயே இருக்கிறது. ஓர் ஊர், ஓர் ஆடு என்றும், ஒரு வீடு, ஒரு மாடு என்றும் எழுதுமாறு நம் தமிழ்ப் பாடம் கற்பிக்கிறது. பேச்சில் எங்கும் 'ஒரு' என்றே வழங்கினும் எழுத்தில் இவ்வேறுபாட்டைப் பிள்ளை பழகிக்கொள்கிறது. 'ஆன்', 'ஏ' என்பனவும் இத்தகையனவே. உயிரொலிக்கு முன் ஒன்று, மெய்யொலிக்கு முன் மற்றொன்று. நாம் அப்பிள், அம்பிறெல்லா என்று தொடங்குவதில்லை. நங்கூரம், துடுப்பு, வலை, வள்ளம் என்று தொடங்குகிறோம். முதலிரண்டின் ஆங்கிலப் பெயர்களும் உயிரொலியில் தொடங்குகின்றன, பின்னிரண்டும் மெய்யொலியில். துடுப்புக்கு ஆங்கிலப் பெயர் 'ஓர்' என்று கேட்டதும் பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள். பின்பு அதனை மறப்பதில்லை.

பெரியவர்களே தடுமாறும் இடம் ஒன்றுண்டு. மணித்தியாலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் மெய்யெழுத்தில் தொடங்கியும் 'ஆன்' பெறுகிறது. பல்கலைக்கழகத்தைக் குறிக்கும் சொல் உயிரெழுத்தில் தொடங்கியும் 'ஏ' பெறுகிறது. இவற்றை விதிவிலக்குகள் எனப் பட்டியலிடுவது வழக்கம். அவ்விரு சொற்களையும் காதில் விழுகிறபடி தமிழ் எழுத்தில் எழுதும்படி பிள்ளையிடம் சொல்லுங்கள். முதலாவதை 'அவர்' என்றும் இரண்டாவதை 'யூனிவேர்சிற்றி' என்றும் அது எழுதும். முன்னது அகரத்தில் தொடங்குகிறது. பின்னது யகரத்தில் தொடங்குகிறது. அங்கே விதிவிலக்கு ஏதும் இல்லை, ஒலியே விதி.

இனி, 'த' என்பதைப் பார்ப்போம். ஓர் ஊரிலே ஒரு ராசா இருந்தான், அந்த ராசாவுக்கு ஒரு மகள் இருந்தாள் என்று எந்த ஆச்சியும் கதை சொல்லத் தொடங்குவாள். முதன்முறை வருங்கால் 'ஒரு'. அறிமுகமான பின் 'அந்த'. பிள்ளை மடியிற் கிடந்தே கற்றுக்கொண்ட இந்த ஒழுங்குதான் ஆங்கிலத்தில் 'ஏ' என்றும் 'த' என்றும் வருகிறது. அண்ணன் வலை வாங்கினான் என்றால் ஏதோ ஒரு வலை; அண்ணன் வலையை வாங்கினான் என்றால் நமக்கு முன்பே தெரிந்த வலை. ஆங்கிலம் ஒரு சொல்லைச் செலவிட்டுச் செய்யும் வேலையைத் தமிழ் ஐகாரம் ஒன்றினாலேயே பல இடங்களிற் செய்து முடிக்கிறது. இவ்வேறுபாட்டை நம் வகுப்பிற் கேட்டபோது விளக்கம் சொல்ல எவரும் திணறவில்லை. கொப்பிக்குரிய சிறுமியே சில வாரங்களில், வலையில் அகப்பட்ட ஒரு நண்டின் கதையை ஆங்கிலத்திற் சொன்னாள். முதலில் 'ஏ' சொன்ன நண்டுக்கு அடுத்த வாக்கியத்தில் தானாகவே 'த' சேர்த்தாள்.

சொற்பிறப்பை நோக்கினாலும் இவ்வுறவு தெளிவாகும். பழைய ஆங்கிலத்தில் 'ஒன்று' எனப் பொருள்பட்ட சொல்லே தேய்ந்து 'ஆன்' ஆகி, மேலுந் தேய்ந்து 'ஏ' ஆயிற்று. 'அந்த' எனச் சுட்டிய சொல்லே 'த' ஆயிற்று. ஆர்ட்டிக்கிள் இல்லாமை ஒரு மொழிக்குக் குறையுமன்று. இலத்தீனுக்கு அஃது இல்லை, சீனத்துக்கு இல்லை. ரஷ்ய மொழிக்கும் இல்லை. தோல்ஸ்தோயின் நாவல்கள் அம்மொழியிலேயே எழுதப்பட்டன. 1957 இல் முதற் செயற்கைச் சந்திரனை வானில் ஏவிய விஞ்ஞானிகளும் அதனையே பேசினர். நம் அயல்மொழியான சிங்களமோ வேறொரு வழியைக் கைக்கொண்டது. 'பொத' என்றால் குறித்த புத்தகம். 'பொதக்' என்றால் ஏதோ ஒரு புத்தகம். மனித மனம் செய்யும் தொழில் ஒன்றே, கருவிகள்தாம் வெவ்வேறு.

கப்பலின் பெயருக்கு முன் 'த' சேர்ப்பது ஆங்கில வழக்கு. இதனைக் கற்பிக்க இவ்வூரிலும் சிறந்த ஊர் இல்லை. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி அம்மாள்' எனும் பாய்க்கப்பலை வில்லியம் றொபின்சன் எனும் அமெரிக்கர் வாங்கினார். 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' எனப் பெயர் மாற்றப்பட்ட அக்கப்பலை இவ்வூர் மாலுமிகள் சமுத்திரங்கள் கடந்து செலுத்தி, 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்திற் கொண்டு சேர்த்தனர். அன்னபூரணி அம்மாள் என்ற பெண்ணைச் சொன்னால் ஆர்ட்டிக்கிள் இல்லை; கப்பலைச் சொன்னால் உண்டு. இப்பாடத்தைச் சொல்லிக் கொடுக்கும்போது, அம்மாலுமிகள் காற்றையும் நட்சத்திரத்தையும் அறிந்த அறிவை எந்த இலக்கணப் பரீட்சையாலும் அளந்துவிட முடியாது என்பதையும் பிள்ளைகளுக்குச் சேர்த்தே சொல்லுகிறோம்.

அப்படியாயின் அந்த ஏளனம் எங்கிருந்து வந்தது? குடியேற்ற ஆட்சிக் காலத்தில், கட்டணம் செலுத்தி ஆங்கிலப் பள்ளியிற் படிக்க முடிந்தவனுக்கு உத்தியோகம் கிடைத்தது. தமிழ்ப் பாடசாலையோடு நின்றவனுக்கு வயலும் கடலும் எஞ்சின. கன்னங்கராவின் முயற்சியால் 1945 இல் இலவசக் கல்வி வந்தது. தாய்மொழிக் கல்வியும் பரவியது. 1956 இல் சிங்களம் மட்டும் எனச் சட்டமாயிற்று. தமிழ் பேசும் மக்கள் உரிமையிழந்தனர். 1987 ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி என்றது; ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. ஆட்சிகள் மாறின, சட்டங்கள் மாறின, ஆங்கிலம் வீட்டிலேயே கிடைக்கும் வர்க்கத்தின் வசதி மட்டும் மாறவில்லை. தெற்கின் பல்கலைக்கழகங்களில் கிராமத்துச் சிங்கள மாணவர் ஆங்கிலத்துக்கு இட்ட பெயர் 'கடுவ'. வாள் என்பது அதன் பொருள். நம் கடற்றொழிலாளியின் மகளும் தெற்கே விவசாயியின் மகனும் அஞ்சி நிற்பது ஒரே வாளுக்கு முன்னால்தான்.

எனவே ஆர்ட்டிக்கிள் வேண்டாம் என்று சொல்லிவிடுதல் நம் பிள்ளைகளுக்குச் செய்யும் நன்மையாகாது. வசதி படைத்தோர் அதனை எப்படியும் கற்றுக்கொள்வர். கைவிடப்படுவது ஏழையின் பிள்ளையே. கற்பிக்கத்தான் வேண்டும், பிழையறக் கற்பிக்க வேண்டும். ஆனால் வரிசை முக்கியம். முதலிற் பிள்ளை பேசட்டும், கதை சொல்லட்டும். ஆங்கிலேயரின் குழந்தையும் பேசத் தொடங்கும் பருவத்தில் ஆர்ட்டிக்கிளை விட்டுவிட்டே பேசுகிறது. அதன் தாய் சிவப்பு மையோடு வருவதில்லை. அவள் அதே வாக்கியத்தைச் செவ்வனே திருப்பிச் சொல்லுகிறாள். குழந்தை கேட்டுக் கேட்டுத் திருந்துகிறது. வகுப்பிலும் இது முடியும். ஒரு வாரத்துக்கு ஒரு வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, அதில் நேரும் பிழையை மட்டும் திருத்தினாற் போதும்.

ஆசிரிய நண்பர்களே, நாளை பயிற்சி ஆசிரியராகப் போகும் மாணவ நண்பர்களே! கொப்பியிற் சிவப்பு வட்டம் இடுவதற்கு முன், பிள்ளை என்ன சொல்ல வந்தது என்று ஒரு முறை கேளுங்கள். அது சொல்ல வந்ததைத் தமிழிற் சொல்லச் சொல்லி, 'ஒரு' எங்கே, 'அந்த' எங்கே, ஐகாரம் எங்கே என்று அதனோடு சேர்ந்து தேடுங்கள். அவ்விடங்களிற் பெரும்பாலானவற்றில் ஆங்கிலத்தின் சிறு சொற்களும் காத்து நிற்பதைக் காண்பீர்கள். அவற்றை நம் பிள்ளைகள் நிமிர்ந்து நின்று எடுத்துக்கொள்ளட்டும்.