மண் அரித்தவர்கள்

கோலார் தங்கவயலைக் கண்டுபிடித்தவர் லாவெல் என்ற ஐரிஷ் சிப்பாய் என்று யார் சொன்னாலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். என் பாட்டியின் அப்பா குடியாத்தத்திலிருந்து மாரிக்குப்பத்துக்குப் பிழைக்கப் போனவர். "வெள்ளைக்காரன் வர்றதுக்கு முன்னாலயே அங்க குழி இருந்துச்சு" என்று பாட்டி அடிக்கடி சொல்வாள். அந்தக் குழிகளில் ஒன்றையாவது பார்த்துவிட வேண்டும் என்று, தை பிறந்த கையோடு நண்பர்களைக் கிளப்பிக்கொண்டு போனேன்.

பாட்டி சொன்னதற்கு எழுத்துச் சாட்சியே உண்டு. 1802-இல் மைசூர் எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், தங்கம் காட்டுவோருக்குப் பரிசு என்று அறிவித்தார். ஊரிகம் மக்கள் மாட்டுவண்டியில் மண் கொண்டுவந்து, அவர் கண்ணெதிரே அரித்துப் பொன்துகளை எடுத்துக் காட்டினார்கள். மாரிக்குப்பத்தில் உள்ளூர்க்காரர்கள் ஏற்கெனவே குழிக்குள் இறங்கிக் கல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். லாவெல் 1871-இல் இங்கே வந்ததே வாரன் எழுதியதைப் படித்துவிட்டுத்தான்.

மாரிக்குப்பத்தில் ரயிலை விட்டு இறங்கியபோது பனி விலகவில்லை. ராகி அறுத்த கொல்லைகள், வரப்போரம் அவரைக்கொடி. அதைத் தாண்டினால் சயனைடு மேடுகள். பாறையைப் பொடித்துத் தங்கம் எடுத்த பிறகு கொட்டிய கழிவு அது, மூன்று கோடி டன்னுக்கு மேல். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடினார்கள். மேடுகள் அப்படியே நிற்கின்றன. பழைய குழி இருந்ததாகச் சொன்ன இடமெல்லாம் ஒன்று கம்பிவேலிக்குள், இல்லையென்றால் மேட்டுக்கு அடியில்.

சாம்பியன் ரீஃப் லைன் வீட்டில் ஒரு பெரியவர், சுரங்கத்தில் ஆயுசைக் கழித்தவர். வாரனைப் பற்றிக் கேட்டால் ஏர் பிளாஸ்ட், அதாவது சுரங்கத்துக்குள் பாறை திடீரென வெடிப்பது பற்றிச் சொன்னார். பழைய குழி என்றேன். மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் பாறை வெடித்தால் மேலே வீட்டுப் பரணிலிருந்து பாத்திரம் உருளும் என்றார். எப்படித் திருப்பினாலும் அங்கேயே போய் நின்றார்.

"மண்ணைக் கழுவினா பொன்னு மட்டும் எப்படிங்கய்யா தங்கும்?" என்று என் நண்பர் கேட்டார், சும்மாதான். பெரியவர் எழுந்து எவர்சில்வர் தட்டு ஒன்றை எடுத்தார். வாசல் மண்ணை ஒரு கை அள்ளிப் போட்டுத் தண்ணீர் விட்டார். தட்டைச் சாய்த்துச் சுழற்றச் சுழற்றக் கலங்கல் வழிந்தது, பிறகு வெள்ளை மணல் போனது. கடைசியில் விளிம்பில் பிறை மாதிரி ஒரு கறுப்புக் கோடு.

"கனமானது கடைசி வரைக்கும் நகராது தம்பி. எங்கம்மா கத்துக் குடுத்தது."

"அம்மாவுக்கு எந்த ஊர்?"

"இதே ஊர்தான். கம்பெனி வர்றதுக்கு முன்னாடியே எங்க ஆளுங்க இங்கதான்."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. குழியைத் தேடி நடந்தேனே தவிர, கையைத் தேட வேண்டும் என்று தோன்றவே இல்லை. அவருடைய சின்னம்மா இன்னும் இருக்கிறாராம், இரண்டு ஊர் தள்ளி. எந்த ஓடையில் அரித்தீர்கள், எந்த மாதத்தில், கிடைத்ததை யாரிடம் விற்றீர்கள் என்று அவரிடம் கேட்க, வேலியைச் சுற்றுவதை விட்டு மத்தியானமே கிளம்பினோம்.