வழி சொல்லும் கருவி வாங்கலாமா?

எங்கள் புதுச்சேரியில் எந்த வீதியில் விசாரித்தாலும் நாலு வீட்டுக்காவது பிரான்சில் சொந்தக்காரர்கள் இருப்பார்கள். ஜூலை, ஆகஸ்ட் லீவுக்கு அவர்கள் வருவதற்கு ஒரு மாதம் முன்னாலேயே போன் வந்துவிடும், "அண்ணி, என்ன வாங்கி வரட்டும்?" என்று. சென்ட், சாக்லேட் என்று இருந்த பட்டியலில் போன வருஷம் புதிதாக ஒன்று சேர்ந்தது. "பிள்ளைங்க மலை, காடுன்னு சுத்தறாங்களே, ஒரு ழே-பே-எஸ் வாங்கி வரட்டுமா?" என்றாள் என் நாத்தனார். ஜி.பி.எஸ்.ஸைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் மாதிரி அப்படிச் சொன்னாள்.

சும்மா வருகிறதே என்று எதையும் வாங்கி அலமாரியில் அடுக்குவது எனக்குப் பிடிக்காது. இப்படி வந்த ரொட்டி சுடும் மிஷின் ஒன்று ஆறு வருஷமாக அட்டைப் பெட்டியிலேயே தூங்குகிறது. அதனால் "இரு, விசாரிச்சுச் சொல்றேன்" என்றேன். கையில் இருக்கும் போனை வைத்துக்கொண்டே ஊரையும் சுற்றுப்புறத்தையும் ஒரு வலம் வந்தேன். பிள்ளைகளைப் பிக்னிக், மலை என்று அழைத்துப் போகும் சகோதரிகளுக்கு உபயோகப்படும் என்று எழுதுகிறேன்.

இந்தக் கருவி வேலை செய்யும் விதம் ரொம்ப எளிது. பூமிக்கு மேலே சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றும் "இப்போது மணி இது, நான் இருக்கும் இடம் இது" என்று ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டிருக்கின்றன. நாலு கோள்களாவது சொல்வதைக் கேட்டு, எதன் செய்தி எவ்வளவு தாமதமாக வந்தது என்று கணக்குப் போட்டு, கருவி நாம் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. அமெரிக்கா 1978-ல் முதல் கோளை விட்டது. பொதுஜனங்களுக்கு வேண்டுமென்றே சற்றுப் பிசகாகக் காட்டிக்கொண்டிருந்ததை 2000-ஆம் ஆண்டு மே மாதம் நிறுத்தினார்கள். இப்போது நல்ல வெட்டவெளியில் ஐந்து மீட்டர் வித்தியாசத்துக்குள் சரியாகச் சொல்லும்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கருவி கேட்க மட்டும்தான் செய்கிறது. நாம் ரேடியோ கேட்கிறோம் என்பது ரேடியோ நிலையத்துக்குத் தெரியுமா? அதே கதைதான். நாம் எங்கே இருக்கிறோம் என்பது நம் கைக்கருவிக்குத் தெரியும். வீட்டில் அடுப்படியில் நிற்கும் அம்மாவுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிய வேண்டுமானால் போன் டவர் கிடைக்க வேண்டும். "ஜி.பி.எஸ். இருக்கு, பயமில்லை" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் பலர் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்கிறார்கள்.

கடற்கரையில் காந்தி சிலைக்கு அருகே நின்று போனைப் பார்த்தேன். வடக்கு 11 டிகிரி 56 நிமிஷம், கிழக்கு 79 டிகிரி 50 நிமிஷம். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. இதே ஊருக்கு கியோம் லெ ழாந்தி என்ற பிரெஞ்சு வானியல்காரர் வந்த கதை தெரியுமா? சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி போவதைப் பார்ப்பதற்காக 1760-ல் பிரான்சிலிருந்து கப்பலேறினார். வந்து சேர்வதற்குள் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துவிட்டார்கள். 1761-ல் வெள்ளி கடந்தபோது அவர் நடுக்கடலில், ஆடும் கப்பலில் இருந்தார். அடுத்த வாய்ப்புக்கு எட்டு வருஷம் கிழக்கிலேயே தங்கினார். 1768-ல் இங்கே வந்து, இடிந்து கிடந்த கோட்டையில் ஒரு ஆராய்ச்சிக் கூடம் கட்டிக்கொண்டு காத்திருந்தார். 1769 ஜூன் 4 காலையில் பார்த்து மேகம் மூடிக்கொண்டது! பாவம், ஊர் திரும்பியபோது இவர் இறந்துவிட்டார் என்று சொத்தைப் பங்கு போடப் பார்த்தார்களாம். அப்படிப்பட்ட மனுஷர்கள் வானத்தைப் பார்த்து ராத்திரி ராத்திரியாகக் கணக்குப் போட்ட இடத்தை, சுண்டல் தின்றுகொண்டே என் மகன் பார்த்துச் சொல்கிறான்.

டவுனுக்குள் வழி கண்டுபிடிக்கக் கருவி தேவையே இல்லை என்பது என் அபிப்பிராயம். பிரெஞ்சுக்காரர்கள் கோடு போட்டுக் கட்டிய ஊர். கிழக்கே போனால் கடல், நடுவில் பெரிய வாய்க்கால், சுற்றி நாலு அகலச் சாலைகள். தொந்தரவு பெயரில்தான். லால் பகதூர் சாஸ்திரி வீதி என்று எழுதியிருக்கும். எங்கள் வாயில் அது புஸ்ஸி வீதி. வரைபடத்தில் ஒரு பெயர் இருக்கும், ஆட்டோக்காரர் இன்னொன்றைச் சொல்வார். ஆகவே வெளியூரிலிருந்து வருகிறவர்கள் வீதிப் பெயரைத் தட்டிவிட்டுக் குழம்புவதைவிட, போகிற வீட்டுக்காரர்களிடமே இடத்தின் புள்ளியை அனுப்பச் சொல்வது நல்லது. அப்படியும் சாயங்காலம் கடற்கரைச் சாலையில் வண்டி விட மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் சந்தை. இதெல்லாம் நேரத்துக்கு நேரம் மாறுவது. செயற்கைக்கோளுக்கு என்ன தெரியும்?

ஊர் எல்லை இன்னும் வேடிக்கை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டுக்குப் போகும்போது நடுவில் கோட்டக்குப்பம் தமிழ்நாடு. தாண்டினால் மறுபடி புதுச்சேரி. மாநிலம் துண்டு துண்டாகக் கிடக்கிறது. வழியில் ஏதாவது ஆகி ஆம்புலன்ஸைக் கூப்பிட நேர்ந்தால் ஊர்ப் பெயரோடு எந்த மாநிலம் என்பதையும் சொல்லுங்கள். பக்கத்தில் இருக்கும் கோயில், பள்ளிக்கூடம், பெட்ரோல் பங்க் எதையாவது சேர்த்துச் சொல்லுங்கள். பதற்றத்தில் எண்களை மாற்றி வாசித்துவிடுவோம்.

எண்கள் என்றதும் எங்கள் மீன்காரம்மா நினைவு வருகிறது. வைத்திக்குப்பத்துக்காரி. "எங்க வூட்டுக்காரரு போட்லயும் அது இருக்குதும்மா. எங்க மீன் ஆப்புடும், எந்தப் பாறையில வலை கிழியும்னு புள்ளி போட்டு வெச்சிருப்பாரு. சொந்தத் தம்பிக்குக்கூடக் காட்ட மாட்டாரு" என்று சிரித்தாள். அவள் அப்பா காலத்தில் லைட்ஹவுஸையும் கரையில் தெரியும் வேறொரு அடையாளத்தையும் நேர்கோட்டில் வைத்துப் பார்த்து இடம் பிடிப்பாராம். நமக்குப் பிக்னிக் சமாசாரம். காரைக்கால் மீனவர்களுக்கு இதே கருவி பிழைப்புச் சமாசாரம். 1974, 1976 ஒப்பந்தங்களில் இலங்கைக்கும் நமக்கும் நடுவே வரைந்த கோடு தண்ணீரில் தெரியாது, கருவித் திரையில்தான் தெரியும்.

அந்தம்மா வீட்டுக் கருவி டிகிரி, நிமிஷம் என்று காட்டுகிறது. என் போனோ புள்ளி வைத்து 11.93 என்று காட்டுகிறது. இரண்டும் ஒரே இடம்தான், எழுதும் முறை வேறு. ஒரு டிகிரிக்கு 60 நிமிஷம் அல்லவா? 56-ஐ 60-ஆல் வகுத்தால் 0.93. அதைக் கவனிக்காமல் 11 டிகிரி 56 நிமிஷத்தை 11.56 என்று போனில் தட்டினால், காந்தி சிலைக்குப் பதில் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் தெற்கே கொண்டுபோய் நிறுத்தும். யாராவது எண்களை எழுதிக் கொடுத்தால் முதலில் எந்த முறை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அரியாங்குப்பத்துக்கு அருகே அரிக்கமேடு போனபோது இன்னொரு பாடம். ரோமானியர்களோடு வியாபாரம் நடந்த இடம், 1945-ல் மார்டிமர் வீலர் தோண்டிப் பார்த்த இடம். தோப்புக்கு நடுவே இருப்பதால் சுலபமாகத் தென்படாது. இங்கே போன் கைகொடுத்தது. ஆனால் அடர்ந்த தோப்புக்குள் நீலப் புள்ளி நாலு பக்கமும் தத்தித் தத்தித் திரிந்தது. புள்ளியைச் சுற்றி ஒரு மங்கலான வட்டம் தெரிகிறதே, அதுதான் கருவியின் சந்தேகம். வட்டம் பெரிதாக இருந்தால் வெட்டவெளிக்கு வந்து ஒரு நிமிஷம் நின்று பார்க்க வேண்டும். கடைசிக் கொஞ்ச தூரம் ஆடு மேய்த்த பெரியவரிடம் கேட்டுத்தான் போனோம்.

சரி, உண்மையான பரீட்சை செஞ்சியில். புஸ்ஸி வீதிக்குப் பெயர் கொடுத்த அதே புஸ்ஸி 1750-ல் பிடித்த கோட்டை. 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டர். நாத்தனார் மகன் மலையேற உபயோகிக்கும் தன் கைக்கருவியைக் கொண்டுவந்திருந்தான். என் மகன் போனை வைத்திருந்தான். ராஜகிரிக்கு ஏறி இறங்கிய பிறகு, குளங்களைப் பார்க்கலாம் என்று பையன்கள் இருவரோடு நானும் கிளம்பினேன். நாத்தனாரும் என் கணவரும் கல்யாண மகால் நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

கிளம்பும் இடத்தை இரண்டு பேரும் புள்ளி வைத்துக்கொண்டார்கள். முள்ளுக்குள் புகுந்து, பாறை சுற்றி நடந்ததில் எனக்குத் திசையே போய்விட்டது. டவர் இல்லை. வெயிலில் சூடேறிப் போன் திரை மங்கிவிட்டது. தண்ணீர் ஒரு பாட்டில்தான் பாக்கி. திரும்பலாம் என்று பார்த்தால் அம்புக்குறி நேராக ஒரு பாறைக் குவியலைக் காட்டியது, தூரம் 400 மீட்டர். "இதோ, அந்தப் பக்கம்தான், ஏறி இறங்கிடலாம்மா" என்று என் மகன் கால் வைத்துவிட்டான். "வேணாம்டா, அது காக்கா பறக்கிற தூரம்" என்று இழுத்துப் பிடித்தான் மற்றவன். அவன் கருவியில் நாங்கள் வந்த தடம் புள்ளிப் புள்ளியாகப் பதிவாகியிருந்தது. அதன் மேலேயே பின்னோக்கி நடந்தோம். அந்த 400 மீட்டருக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. இடுக்குகளில் என்னென்ன இருந்திருக்குமோ, பாறை வழியே போயிருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. நாத்தனார் அங்கே முருகனுக்கு வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எங்களைக் கொண்டுவந்து சேர்த்தது தடம் பதிகிற வசதி. அது போனிலும் உண்டு; நாம்தான் கிளம்பும்போதே ஓட விடுவதில்லை. போகிற பகுதியின் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டு, டவர் இல்லாத இடத்தில் விமானப் பயண நிலையில் போட்டுவிட்டால் பாட்டரி வெகுநேரம் வரும். பெரும்பாலான போன்களில் அப்போதும் ஜி.பி.எஸ். வேலை செய்யும். வீட்டுத் திண்ணையிலேயே ஒருதரம் பரீட்சை பார்த்துவிடுங்கள். கூடவே ஒரு பவர் பேங்க். செஞ்சி, ஊசுடு ஏரி, பிச்சாவரம் என்று ஒரு நாள் போய் வருகிற நம் போன்ற குடும்பத்துக்கு இது தாராளமாகப் போதும். நாத்தனாரிடம் கருவி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நாள் கணக்கில் மலையில் நடக்கிறவர்கள், கடலுக்குப் போகிறவர்கள் தனிக் கருவி வாங்கத்தான் வேண்டும். கடையில் மாற்றிப் போடக்கூடிய சாதாரண பாட்டரி, ஈரக் கையிலும் அழுத்தக்கூடிய பொத்தான்கள், வெயிலில் தெரியும் திரை, தண்ணீர் புகாத உடல் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டில் வாங்கினால் உள்ளே ஐரோப்பா வரைபடம் மட்டும் இருக்கலாம். நம் தேசத்து வரைபடம் ஏற்ற முடியுமா என்று கேட்டுக்கொண்டு வாங்கச் சொல்லுங்கள். காட்டுகிற உயரத்தை அப்படியே நம்ப வேண்டாம், அதில் பிசகு அதிகம். குழந்தைகளின் பையில் மாட்டுகிற வில்லை சிலவற்றில் ஜி.பி.எஸ்.ஸே கிடையாது. பக்கத்தில் போகிறவர்களின் போனை நம்பித்தான் அது இடம் சொல்கிறது. ஆளில்லாத காட்டில் அதனால் பிரயோஜனமில்லை.

பிரான்சிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. செயற்கைக்கோள் வழியே பேசுகிற போனும், செய்தி அனுப்புகிற மலையேற்றக் கருவியும் தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் நம் நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. விமான நிலையத்திலேயே பிடித்துக்கொள்வார்கள், வழக்கும் வரும். கேட்க மட்டும் செய்யும் சாதாரணக் கருவி வேறு, இது வேறு. பார்ப்பதற்கு இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால் பெட்டியில் வைப்பதற்கு முன்னாலேயே போனில் சொல்லிவிடுங்கள்.

வரைபடத்தில் பாதை தெரிகிறது என்பதற்காகக் காட்டுக்குள் போகவும் கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்களே, நம்மைப் போன்ற பெண்களும் அதில் உண்டு. வனத்துறை அனுமதி கேட்டு, அவர்கள் சொல்லும் மாதத்தில் போவதுதான் முறை.

செஞ்சிக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. கிளம்புமுன் போகும் இடம், வழி, திரும்பும் நேரம், வண்டி நம்பர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஃபிரிஜ் கதவில் ஒட்டுகிறேன். ஆறு மணிக்குள் போன் வராவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்றும் எழுதுகிறேன். பார்வை மங்கிய என் மாமியாருக்காகக் கொட்டை எழுத்தில். அடுத்த மாதம் திருவக்கரையில் கல்மரங்கள் பார்க்கப் போகிறோம். "அந்தச் சீட்டை நான் வெச்சிட்டு உட்காந்திருக்க மாட்டேன், நானும் வருவேன்" என்கிறார். அவருக்குக் குடையும், எதிர்வீட்டு அம்மாவுக்குச் சீட்டும் தயார்.